முற்றத்து வெயிலும் பத்தியின் இருளும் ஒரே படத்தில்: எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் செய்முறை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டைப் படமெடுக்கப் போயிருந்தேன். பங்காளிகள் ஒன்றுகூடி வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், இருக்கிறபடியே ஒரு பதிவு வேண்டும் என்றார்கள். வளவின் (வீட்டின் உள்கட்டின்) நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் பத்தி, அதாவது தாழ்வாரம். பத்தியை ஒட்டி, பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறைகள். காலை பத்து மணி வெயிலில் ஆச்சி பாயை விரித்து மிளகாய் காயவைத்திருந்தார். பத்தியில் நின்று எடுத்த முதல் படத்தைக் கேமராத் திரையில் அவருக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “தூணெல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, மிளகாய் எங்கே?” என்று கேட்டார்.

மிளகாய் இல்லை. பாயும் இல்லை. முற்றம் முழுக்க வெறும் வெள்ளை. அதைச் சரிசெய்யப் பிராக்கெட்டிங் முறையில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு அளவு ஒளியில் அடுத்தடுத்து எடுக்கும் முறையில், மூன்று படங்கள் எடுத்தேன். அப்போதும் மிளகாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவின் மையம். மற்றவை எல்லாக் கையேடுகளிலும் இருக்கின்றன.

ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

எப்போது தேவை

நம் கண் முற்றத்தைப் பார்க்கும்போது ஒரு விதமாகவும், அறையைப் பார்க்கும்போது வேறு விதமாகவும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவின் சென்சாருக்கு ஒரே வாய்ப்புத்தான். வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் அறை கரியாகிறது; அறைக்கு வைத்தால் முற்றம் வெளுத்துப்போகிறது. ஒரே காட்சியை வெவ்வேறு அளவு ஒளியில் பல படங்களாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியைக் கணினியில் இணைப்பதுதான் எச்டிஆர். இது புதிய ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் ஒரே அச்சில் சேர்த்திருக்கிறார்.

நிழலில் இருக்கும் முகம், மேகமூட்டமான வயல் போன்றவற்றுக்கு இது வேண்டாம். ஒரு ரா கோப்பே (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) போதும். சுற்றிலும் இருட்டு, நடுவில் வெயில் என்று இருக்கும் இடங்களுக்கே இந்த உழைப்பு தகும்.

முதலில் பூட்ட வேண்டியவை

முக்காலியை ஊன்றுங்கள். ஆத்தங்குடித் தரையில் கால்கள் வழுக்கும். கண்ணாடிப் பலகையின் மேல் வார்த்துச் செய்யப்படும் ஓடு அது, மேற்பரப்பு அவ்வளவு வழவழப்பு. ரப்பர் நுனி தேய்ந்திருந்தால் அடியில் ஈரத்துணியை மடித்து வையுங்கள். என் அனுபவத்தில் முக்காலி கனமாக இருப்பதுதான் முக்கியம், விலை அல்ல. கைக்கு அடக்கமான இலகு ரக முக்காலிகள் பயணத்துக்குச் சரி. அரை நொடிக்கு மேல் திறந்திருக்கும் ஷட்டருக்கு நான் அவற்றை நம்புவதில்லை.

கேமராவை மேனுவல் முறையில் வையுங்கள். அப்பர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. ஆட்டோ ஐஎஸ்ஓவைக் கண்டிப்பாக அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சில கேமராக்கள் ஷட்டருக்குப் பதிலாக ஐஎஸ்ஓவை மாற்றிப் பிராக்கெட் செய்துவிடும். இருட்டுப் பகுதிக்கென்று எடுத்த படத்தில் மணல்மணலாக இரைச்சல் நிற்கும். அப்பர்ச்சரும் மாறக்கூடாது, மாறினால் கூர்மையின் ஆழம் படத்துக்குப் படம் வேறாகி, இணைக்கும்போது தூண்களின் ஓரம் பொருந்தாது. மாற வேண்டியது ஷட்டர் வேகம் ஒன்றுதான்.

ஒருமுறை ஆட்டோஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸின் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். நடுக்கத் தடுப்பு வசதியை அணையுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். கோப்பு ரா.

நான் தடுக்கி விழுந்த இடம்: எங்கிருந்து எங்கு வரை?

அன்று நான் செய்தது, பெரும்பாலானோர் செய்வதுதான். கேமரா காட்டிய அளவை நடுவில் வைத்து, மூன்று படங்கள், இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி என்று அமைத்தேன். சட்டகத்தில் முக்கால் பங்கு பத்தியும் தூண்களும் என்பதால் கேமரா இருட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டு 1/6 நொடி என்று சொன்னது. ஆகவே கிடைத்தவை 1/25, 1/6, 0.6 நொடி. மூன்றில் கருமையானது 1/25. அதிலும் முற்றம் வெளுத்துத்தான் இருந்தது. எந்தப் படத்திலுமே பதிவாகாத மிளகாயை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. அன்று இரவு கணினி முன் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் இந்த எளிய உண்மை உறைத்தது. நடுப்படம் எது என்பதோ, மொத்தம் எத்தனை படம் என்பதோ பெரிதல்ல. இரண்டு முனைகள்தான் முதலில் தெரிய வேண்டும்.

மறுநாள் காலை செய்தது இது.

ஒளி அளவீட்டை, சட்டகத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறைக்கு மாற்றினேன். (உங்கள் கேமராவில் ஸ்பாட் இல்லையென்றால், சற்றுப் பெரிய நடுப்பகுதியை அளக்கும் பார்ஷியல் முறையில் வைத்து, அளக்க வேண்டிய பரப்பு சட்டகத்தை நிரப்பும்படி அருகில் போய் அளந்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.) முக்காலியில் பொருத்தும் முன், நடுப்புள்ளியை முற்றத்தின் வெயில்பட்ட சுண்ணாம்புச் சுவரில் வைத்து, அளவுகோலின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஷட்டர் சக்கரத்தைத் திருப்பினேன். 1/1600. பிறகு பத்தியின் கோடியில், கதவுக்குப் பின்னால் உள்ள இருண்ட மூலையில் வைத்துத் திருப்பினேன். 2.5 நொடி. இரண்டுக்கும் இடையே 12 ஸ்டாப்.

இந்த எண்களை அப்படியே பயன்படுத்தக்கூடாது என்பதுதான் இங்குள்ள நுட்பம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பல் நிறமாக்கும் அளவைத்தான் சொல்லும். வெள்ளைச் சுவர் சாம்பலாக வேண்டியதில்லை, வெள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அதன் மேல் உள்ள விரிசலும் காரை பெயர்ந்த தடமும் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி கொடுக்கலாம். 1/1600 இப்போது 1/400 ஆகிறது. அதேபோல இருண்ட மூலையும் சாம்பலாக வேண்டாம், இருட்டாகவே இருக்கட்டும். அங்கே சாய்த்து வைத்திருக்கும் மரப்பெட்டியின் பித்தளைப் பூண் மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு இரண்டு ஸ்டாப் குறைக்கலாம். 2.5 நொடி 0.6 நொடி ஆகிறது.

ஆக, 1/400இலிருந்து 0.6 வரை 8 ஸ்டாப். இரண்டிரண்டாக நடந்தால் ஐந்து படங்கள்: 1/400, 1/100, 1/25, 1/6, 0.6. முதல் நாள் என்னிடம் இருந்தவை இந்த வரிசையின் கடைசி மூன்று. மிளகாய் இருந்தது விட்டுப்போன முதல் இரண்டில்.

மூன்றே படம் எடுக்கும் கேமராவில் ஐந்து எடுப்பது

நான் வைத்திருப்பது கேனான் 200டி மார்க் 2. அதன் பிராக்கெட்டிங் மூன்று படம், அதிகபட்சம் இரண்டு ஸ்டாப் இடைவெளி. அதனால் இரண்டு தொகுதிகளாக எடுத்தேன். ஷட்டரை 1/100இல் வைத்து முதல் தொகுதி: 1/400, 1/100, 1/25. பிறகு சக்கரத்தை 12 முறை ‘டிக்’ என்று திருப்பினால் 1/6 வரும், ஒவ்வொரு டிக்கும் மூன்றில் ஒரு ஸ்டாப். இரண்டாம் தொகுதி: 1/25, 1/6, 0.6. 1/25 இரண்டு முறை வரும், ஒன்றை அழித்துவிடலாம். சக்கரத்தைத் திருப்பும்போது கேமராவை இன்னொரு கையால் தாங்காதீர்கள். விரல் நுனி மட்டும் படட்டும். தாங்கிப் பிடிக்கும் கைதான் சட்டகத்தை நகர்த்துகிறது.

பிராக்கெட்டிங் வசதியே இல்லாத ஆரம்பநிலைக் கேமராவும் தடையல்ல. மேனுவலில் ஷட்டரை ஆறு ஆறு டிக்காகத் திருப்பி ஒவ்வொன்றாக எடுங்கள். எனக்குக் கேட்டால், தொடங்குபவர்கள் முதல் மாதம் இப்படித்தான் எடுக்க வேண்டும்.

ஷட்டர் பொத்தானைக் கையால் அழுத்த வேண்டாம். 2 நொடி டைமரை வைத்தால் கேனானில் மூன்று படங்களும் தொடர்ச்சியாகத் தானே எடுக்கப்படும். ஒற்றைப் படம் எடுக்கும் முறையில் விட்டால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு படம்தான் வரும். ஒருமுறை அழுத்திவிட்டு முடிந்தது என்று நகர்ந்துவிடுவோம். அடுத்த காட்சியின் முதல் படம் தொகுதியின் இரண்டாவது அளவில் விழுந்து எல்லாம் குழம்பும்.

எடுத்து முடித்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். கருமையான படத்தில் வரைபடம் வலது சுவரில் ஏறி நிற்கக்கூடாது. பிரகாசமான படத்தில் இடது சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் இடையில் உள்ளவை சரியாகத்தான் இருக்கும். தரை ஓட்டில் சூரியன் நேராகப் பட்டுப் பளிச்சிடும் சிறு புள்ளியும், எரியும் பல்பின் இழையும் வெளுக்கட்டும். அவற்றைத் துரத்த வேண்டாம்.

அசையும் பொருள்கள்

பத்தியில் ஓர் ஊஞ்சல். பலகையை நிறுத்திய பிறகும் அதன் சங்கிலி வெகுநேரம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டம் இணைத்த படத்தில் இரட்டைச் சங்கிலியாக வந்தது. கொடியில் காயும் துணி, துளசிச் செடி, நடந்து போகிறவர்கள் எல்லாம் இதே வகை. எடுக்கும் முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் உட்காரச் சொல்வது, பிறகு கணினியில் ஐம்பது நிமிடம் செலவழிப்பதைவிட நல்லது.

இணைப்பது

லைட்ரூம் வைத்திருப்பவர்கள் படங்களைத் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜில் எச்டிஆரை அழுத்தினால் போதும். ரா போலவே திருத்தக்கூடிய டிஎன்ஜி கோப்பு கிடைக்கும். இரட்டைப் பிம்பத்தை நீக்கும் டீகோஸ்ட் வசதியை முதலில் அணைத்தே பாருங்கள், தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுங்கள்.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு, எச்டிஆர்மெர்ஜ் என்ற இலவச மென்பொருளை அழுத்திச் சொல்வேன். அதுவும் டிஎன்ஜி தருகிறது. எந்த இடத்துக்கு எந்தப் படம் என்று தூரிகையால் தீட்டித் தேர்ந்தெடுக்கலாம். ஊஞ்சல் சங்கிலியை அப்படித்தான் சரிசெய்தேன். டார்க்டேபிளிலும் எச்டிஆர் உருவாக்கலாம், ஆனால் அது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தராது. முக்காலி இம்மியளவு நகர்ந்திருந்தாலும் ஓரங்கள் மங்கும்.

என் மனத்துக்குப் பிடித்தது என்ஃப்யூஸ், பனோரமா இணைக்கும் இலவச மென்பொருளான ஹ்யூகினுடன் சேர்ந்தே வருவது. மெர்ட்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் மூவரும் 2007இல் வெளியிட்ட முறையின் வழியில் செயல்படுகிறது. ஒவ்வொரு படத்திலும் ஒளியளவு, நிறச்செறிவு, விவரம் மூன்றும் நன்றாக இருக்கும் பகுதிக்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கிறது. தூணைச் சுற்றி ஒளிவட்டம் படிந்த அந்தச் செயற்கைத் தோற்றம் பெரும்பாலும் வருவதில்லை. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் ஒரு மெல்லிய மினுமினுப்பு உண்டு. டோன்மேப்பிங் (இணைத்த படத்தின் ஒளி வேறுபாட்டைத் திரைக்கு ஏற்பச் சுருக்குவது) என்ற பெயரில் நிழலையெல்லாம் தூக்கிவிட்டால் முதலில் சாவது அதுதான். அறையில் இருட்டு இருக்கட்டும். அது அந்த வீட்டின் இயல்பு.

இணைத்த படத்தை ஆச்சிக்கு அச்சிட்டுக் கொடுத்தேன். பாயின் ஓரத்தில் தனியே உருண்டு கிடந்த இரண்டு மிளகாயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிற்சேர்க்கை 1: சோனி கேமராவில் பிராக்கெட்டிங்கைத் தேர்ந்தெடுத்ததும் டைமர் காணாமல் போகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் டிரைவ் முறையாக (ஒற்றைப் படம், டைமர், பிராக்கெட்டிங் போன்றவற்றில்) ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மெனுவில் பிராக்கெட் செட்டிங்ஸ் என்ற பகுதிக்குள் பிராக்கெட்டிங்கின்போது இயங்கும் டைமர் தனியாக இருக்கிறது. அங்கே 2 நொடியை வையுங்கள்.

பிற்சேர்க்கை 2: முக்காலி அனுமதிக்காத இடங்களில் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தூணில் முதுகைச் சாய்த்து, தொடர்படப் பிடிப்பில் மூன்று படங்களை ஒரே அழுத்தலில் எடுங்கள். அப்போது நடுக்கத் தடுப்பு இயங்கட்டும். மூன்றில் மெதுவான ஷட்டர் 1/30க்குக் கீழே போகாதபடி ஐஎஸ்ஓவை 400 அல்லது 800க்கு ஏற்றி, அந்த எண்ணிலேயே நிறுத்துங்கள். இருட்டு மூலையைக் கைவிடலாம், வெளிச்ச முனையைக் கைவிடாதீர்கள். இணைக்கும்போது படங்களைப் பொருத்தும் வசதி உள்ள மென்பொருளே வேண்டும்.

பிற்சேர்க்கை 3: வேலை முடிந்ததும் பிராக்கெட்டிங்கை அணைத்துவிடுங்கள். என் கேனானில் சுவிட்சை அணைத்தால் அது தானே நீங்கிவிடுகிறது. நிக்கானில் நாமாகப் பூஜ்யத்துக்குத் திருப்பும்வரை இருக்கும். மறுநாள் கல்யாண வீட்டில் எடுக்கும் படங்கள் ஒன்று கருத்தும் ஒன்று வெளுத்தும் வருவதாக எழுதியவரின் சிக்கல் அதுதான்.