கொச்சியில் கப்பல் ஏறப்போகும் குடும்பங்களுக்கு

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குப் போய்ச் சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்கள் முதல் நாளே கிளம்பிவிடுங்கள். ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்துத் துவண்டுபோவார்கள். அந்தக் களைப்போடு கப்பலேற்றினால் பாவம். எர்ணாகுளத்தில் ராத்தங்கினால் காலையில் பாலம் தாண்டி வில்லிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு நிதானமாகப் போகலாம்.

பெரிய பெட்டிகளைக் கப்பல்காரர்கள் முனையத்திலேயே வாங்கிக்கொண்டு, அவர்களே கேபினுக்கு அனுப்புவார்கள். வந்துசேரச் சில மணி நேரம்கூட ஆகும். அதனால் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, இன்சுலின், மருந்துச்சீட்டு, குழந்தையின் பால்மாவு, ஒரு மாற்றுத்துணி, எல்லோருடைய அடையாள அட்டை எல்லாம் தோள்பையிலேயே இருக்கட்டும்.

சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்ட் பக்கமாகக் கேளுங்கள். ஆட்டம் குறைவு, நடையும் குறைவு.

லட்சத்தீவு போகிற கப்பலா? பெரும்பாலான தீவுகளில் கப்பல் கடலிலேயே நிற்கும், ஆடுகிற சிறுபடகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். மூட்டுவலிப் பாட்டிக்கு அது சிரமம். அவருடன் கப்பலில் யார் இருப்பது என்று வீட்டிலேயே, பாட்டியையும் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று அவர் மனசு வாடக்கூடாது.

அப்புறம், ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் மாதம் ஏறிய கர்ப்பிணியையும் பல கப்பல்களில் ஏற்றுவதில்லை. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.