பெரிஃபெரல் ஸ்மியர் பார்ப்பது எப்படி? ரத்த அணுக் குறைபாடுகளைக் கண்டறியத் தொடக்கநிலை விளக்கம்

செல் கவுண்டர் கருவி ஓரிரு நிமிடங்களில் ஹீமோகுளோபின் முதல் பிளேட்லெட் எண்ணிக்கை வரை அச்சிட்டுத் தந்துவிடும்போது, ஸ்லைடில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் பெரிஃபெரல் ஸ்மியர் எதற்கு என்று பயிற்சி மாணவர்கள் கேட்பதுண்டு. கருவி அளவைச் சொல்லும். அந்த அளவு ஏன் மாறியது என்பதை அணுக்களின் வடிவத்தில்தான் தேட வேண்டும். ஆனால் ஸ்லைடில் தெரியும் விசித்திர வடிவங்களில் ஒரு பகுதி நோயாளியின் உடலில் இல்லாதவை. நம் கைப்பக்குவத்தால் உண்டானவை. எனவே எந்த நோயின் பெயரையும் எழுதுமுன் ஸ்லைடையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூச்சும் சாயமும்

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள, ஊதா மூடியிட்ட குழாயில் எடுத்த ரத்தத்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் பூசிவிடுவது நல்லது. நெடுநேரம் வைத்திருந்தால் சிவப்பணுக்களின் ஓரம் முள்முள்ளாகச் சுருங்கும். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களுக்குள் குமிழ்கள் தோன்றும். அவற்றைக் கடுமையான கிருமித்தொற்றின் அடையாளமாக எண்ணிவிடும் அபாயம் உண்டு.

குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிய பின், ஸ்லைடின் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 2 முதல் 3 மி.மீ. அகலமுள்ள துளியை வையுங்கள். இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, துளியைத் தொடும்வரை பின்னுக்கு இழுத்து, ரத்தம் அதன் விளிம்பு முழுவதும் பரவியதும் தயங்காமல் ஒரே வீச்சில் முன்னே தள்ளுங்கள். பூச்சு, ஸ்லைடின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில், நாக்கு வடிவில் மெலிந்து முடிய வேண்டும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருக்குமாதலால் சாய்வைச் சற்றுக் கூட்டுங்கள். பச்சிளங்குழந்தையின் ரத்தம் கெட்டியாக இருக்கும் என்பதால் குறையுங்கள்.

பூசியவுடன் காற்றில் நன்கு உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இதில் அவசரப்பட்டால், சிவப்பணுவின் நடுவே பளபளக்கும் வெற்றிடங்கள் தோன்றும். சிவப்பணுவின் நடுவே உள்ள உண்மையான வெளிர்மை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிப்படியாகச் சிவக்கும். ஈரத்தால் வந்ததற்கோ ஓரம் வெடுக்கென்று வெட்டியதுபோல் இருக்கும். உலர்ந்த பூச்சின்மீது லீஷ்மன் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விட்டு, அதைப் போல் இரு மடங்கு பி.எச். 6.8 உள்ள பஃபர் நீரைச் சேர்த்துக் கலந்து, 7 முதல் 10 நிமிடம் கழித்துக் கழுவுங்கள்.

எங்கே பார்ப்பது?

பலரும் நேராக எண்ணெய் விட்டு 100 எக்ஸ் லென்ஸுக்குத் தாவிவிடுகிறார்கள். முதலில் 10 எக்ஸில் பூச்சின் நுனியையும் ஓரங்களையும் சுற்றிவாருங்கள். பெரிய அணுக்களும் பிளேட்லெட் திரள்களும் அங்கேதான் ஒதுங்கும். பிறகு, சிவப்பணுக்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் அருகருகே கிடக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தடித்த பகுதியில் அணுக்கள் நாணயச் சரம்போல் அடுக்கிக் கிடப்பதும், நுனியில் நடு வெளிர்மையின்றிப் பந்துபோல் தெரிவதும் இயல்பே. அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது.

சிவப்பணுக்கள்

அளவுகோல் ஸ்லைடிலேயே இருக்கிறது. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களில் சிறியதன் உட்கருவும் இயல்பான சிவப்பணுவும் ஏறத்தாழ ஒரே அளவு. நடு வெளிர்மை அணுவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிவப்பணுக்கள் அந்த உட்கருவைவிடச் சிறியவையாகவும், வெளிர்மை பாதிக்குமேல் பரவியதாகவும் இருந்தால், முதலில் நினைவுக்கு வர வேண்டியவை இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு, பீட்டா தலசீமியா ட்ரெய்ட் (ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் மரபணுக் குறையை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற நிலை).

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது, விளைவோ பெரிது. ட்ரெய்ட் உள்ளவருக்கு, இரும்புச்சத்தும் குறைந்திருந்தாலொழிய, இரும்பு மாத்திரையால் பயனில்லை. கணவன், மனைவி இருவருக்கும் ட்ரெய்ட் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிறக்கும் குழந்தைக்கு அதன் கடும் வடிவமான தலசீமியா மேஜர் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரும்புக் குறைவில் அணுக்கள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து, பென்சில்போல் நீண்ட அணுக்களும் காணப்படும், ஆகவே சிவப்பணு அளவுகளின் வேறுபாட்டைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருக்கும். ட்ரெய்டில் பெரும்பாலும் அணுக்கள் ஒரே சீராகச் சிறுத்திருக்கும்; நடுவிலும் ஓரத்திலும் நிறம் கொண்டு இலக்கு வட்டம்போல் தெரியும் டார்கெட் செல்களும், சில அணுக்களில் நீலப் புள்ளிகளும் தெரியலாம்.

இத்துடன் கருவியின் எண்களையும் சேர்த்துப் பாருங்கள். 1973இல் மென்ட்சர் வெளியிட்ட குறியீட்டின்படி, சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்.சி.வி.யை, மில்லியனில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எம்.சி.வி. 64, எண்ணிக்கை 5.8 என்றால் விடை 11. 13க்குக் கீழ் என்பதால் ட்ரெய்டின் பக்கம் சாய்கிறது. எம்.சி.வி. 66, எண்ணிக்கை 3.9 என்றால் ஏறத்தாழ 17. இது இரும்புக் குறைவின் பக்கம். இது சந்தேகத்தைத் திசைதிருப்பும் கணக்கு மட்டுமே. உறுதிசெய்ய, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவும் வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேற்பட்ட ஏ2 பீட்டா ட்ரெய்டைக் காட்டும். இரும்புச்சத்தும் குறைந்திருப்பவருக்கு ஏ2 தாழ்ந்து ட்ரெய்டை மறைத்துவிடலாம் என்பதை மறவாதீர்கள்.

முட்டை வடிவில் பெருத்த சிவப்பணுக்களோடு, உட்கருவில் ஆறு மடல் கொண்ட நியூட்ரோஃபில் ஒன்று தென்பட்டாலும் பி12 அல்லது ஃபோலேட் குறைவை நினையுங்கள். அரிவாள் வடிவ அணு கண்டால் ஊரையும் குடும்பத்தையும் விசாரியுங்கள். இந்தியாவில் அரிவாள் செல் மரபு 1952இல் முதலில் அறிவிக்கப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஹெல்மெட் வடிவில் உடைந்த சிவப்பணுத் துண்டுகளும் குறைந்த பிளேட்லெட்டும் சேர்ந்திருந்தால், அறிக்கை அச்சாகும்வரை காத்திராமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டும்

பெரிய உட்கரு, அதனுள் மெல்லிய குரோமாட்டின் (மரபுப் பொருள்), தெளிவான நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் தெரியும் சிறு உருண்டை), உட்கருவைச் சுற்றிக் குறைந்த சைட்டோபிளாசம் கொண்ட அணு, பிளாஸ்ட்டாக, அதாவது ரத்தப் புற்றுநோயில் காணப்படும் முதிராத அணுவாக இருக்கலாம். அதனுள் சிவந்த ஊசிபோன்ற ஆவர் ராடு தெரிந்தால் அது மைலாய்டு வகை, அதாவது நியூட்ரோஃபில் போன்றவை உருவாகும் வழியைச் சேர்ந்தது. டெங்குவில் வரும் உருமாறிய லிம்ஃபோசைட்டுகளும் பெரியவைதான்; ஆனால் அவற்றின் சைட்டோபிளாசம் தாராளமாக இருக்கும், பக்கத்துச் சிவப்பணுவை ஒட்டி வளையும். ஐயம் இருந்தால் பெயர் சூட்டாமல் கண்டதை வர்ணித்து, மூத்தவரிடம் ஸ்லைடைக் காட்டுங்கள்.

கருவி பிளேட்லெட் 40,000 என்று காட்டுகிறது, நோயாளிக்கோ ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றால், பூச்சின் நுனிக்குத் திரும்பிச் சென்று திரள்களைத் தேடுங்கள். ஈ.டி.டி.ஏ.வே சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும். கருவி அத்திரள்களைப் பிளேட்லெட்டாக எண்ணாது. அப்படியானால், வேறொரு உறைவுத் தடுப்பியான சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணி, அக்குழாயில் உள்ள திரவத்தால் ரத்தம் நீர்ப்பதை ஈடுகட்ட விடையை 1.1ஆல் பெருக்கி, திரள்கள் இருந்ததையும் அறிக்கையில் குறிப்பிடுங்கள்.