கோல்ஃப் திட்டத்தின் வடிகால் அறிக்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் மலையடிவாரத் தாமான்காரர்கள் (வீடமைப்புப் பகுதியில் குடியிருப்பவர்கள்) சிலர், மேலே வரப்போகும் வீடுகளுக்கும் கோல்ஃப் திடலுக்குமான வடிகால் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எங்கள் தாமான் முன்பு தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள். ஆட்சேபக் கடிதத்தைத் தாமதமாகக் கொடுப்பது, நகல் வைத்துக்கொள்ளாதது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

குளத்தின் பரப்பைப் பார்த்து நிம்மதி அடைவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். வரைபடத்தில் நீலமாக ஒரு குளம் இருக்கும், மழைத்தண்ணீர் எல்லாம் அதில் நின்றுவிடும் என்று விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள், கீழ்வீட்டுக்காரர்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கோல்ஃப் குளத்தைப் பெரும்பாலும் நிறைத்தேதான் வைத்திருப்பார்கள்; பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும், வெயில் மாதங்களில் புல்லுக்குப் பாய்ச்சவும் வேண்டும். வெள்ளத்துக்கு இடம் கொடுப்பது வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே காலியாக இருக்கும் பகுதி மட்டும்தான். எடுத்துக்காட்டுக்கு 2 ஹெக்டர் குளம் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் காலி இருந்தால் சுமார் 30,000 கன மீட்டர் கொள்ளும், 30 சென்டிமீட்டர்தான் என்றால் வெறும் 6,000. 60 ஹெக்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தாலே விழும் தண்ணீர் 30,000 கன மீட்டர், கூரையும் தார்ச்சாலையும் வந்த பகுதிகளில் அது மண்ணில் இறங்காமல் அப்படியே ஓடிவரும்.

ஒரு கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, "அடைமழைக்கு முன்னாடி குளத்துத் தண்ணிய யாரு இறக்குவாங்க, அத மட்டும் சொல்லுங்க சார்" என்று கேட்டார். மேடையில் இருந்த ஆலோசகர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை. வழக்கமான நீர்மட்டம், தண்ணீர் வழிந்தோடும் மட்டம், மதகைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது, இந்த மூன்றையும் அனுமதி நிபந்தனையிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் அந்த வாயைத் தேடிப் பிடிக்க முடியாது.

உச்ச ஓட்டம் ஏறவில்லை என்றதும் விட்டுவிடுவது

கட்டி முடித்த பிறகு உச்ச ஓட்டம், அதாவது மழையின்போது ஒரு நொடிக்கு வெளியேறும் தண்ணீரின் அதிகபட்ச அளவு, முன்பைவிடக் கூடக்கூடாது என்கிறது ஜே.பி.எஸ். (மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை) வெளியிட்ட எம்.எஸ்.எம்.ஏ. என்ற நகர்ப்புற மழைநீர் மேலாண்மைக் கையேடு (இரண்டாம் பதிப்பு 2012). சரி, நல்ல விதிதான். ஆனால் குளம் தண்ணீரைப் பிடித்து மெல்ல விடுகிறதே தவிர, மொத்த அளவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பல ஓடைகள் சேரும் சுங்கை பினாங் மாதிரி ஆற்றில், தாமதமாக இறங்கும் அந்தத் தண்ணீர் மற்ற ஓடைகளின் உச்சத்தோடு சேர்ந்துகொள்ளலாம், கடல் ஏறியிருக்கும் நேரமானால் வடியவும் வழியிருக்காது.

'100 ஆண்டு மழை நம் காலத்தில் வராது'

எந்த ஆண்டும் வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 30 ஆண்டு வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு முறையாவது வர ஏறக்குறைய 26 விழுக்காடு. 2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சாமானை இழந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வெயில் நாளில் இடத்தைப் பார்ப்பது

கொட்டும் மழையில் போங்கள்.

கட்டுமானக் காலத்தை மறப்பது

திடல் பச்சையாவதற்கு முன் மலை சிவப்பாக இருக்கும். அந்த மாதங்களில்தான் மண் லோங்காங்கில் (வீட்டோர வடிகாலில்) இறங்கி அடைக்கும். மண்வெட்டு தொடங்கும் முன்பே உங்கள் லோங்காங்கின் ஆழத்தை அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அடித்து வரும் மண்ணைப் பிடித்து நிறுத்தும் வண்டல் பொறிகளை எப்போது தூர்வாருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.