வீட்டுப் பூனையின் நிறை: எத்தனை கிராம், எத்தனை தரம்

பூனை கொழுக்கிற வீடுகளில் யாரும் அதற்கு அளவுக்கு மிஞ்சிப் போடுவதாக நினைப்பதில்லை. காலையில் அம்மா ஒரு பிடி, பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை ஒரு பிடி, மீன் வெட்டும்போது தலையும் குடலும், பின்னேரம் தேத்தண்ணிக்குக் கரைத்த பால்மாவில் மிச்சம், இரவு கோப்பை வெறுமையாகக் கிடக்கிறதே என்று அப்பா இன்னொரு பிடி. தனித்தனியே பார்த்தால் எல்லாம் கொஞ்சம்தான். கூட்டிப் பார்த்தவர் இல்லை. மதிலேறி ஊர் சுற்றுகிற பூனை அதில் பெரும்பகுதியை ஓடித் தீர்த்துவிடும். நாய்க்கும் வாகனத்துக்கும் பயந்து உள்ளேயே வளர்க்கிற, கருத்தடை செய்த பூனையால் அது முடியாது. அதற்குத் தராசுகள் வேண்டும்: பூனையை நிறுக்க ஒன்று, சாப்பாட்டை நிறுக்க ஒன்று.

இங்கே சொல்வது ஒரு வயதைத் தாண்டிய, நலமான பூனைக்கு மட்டும். குட்டி, சினைப்பூனை, பாலூட்டும் பூனை ஆகியவற்றின் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. நன்றாகத் தின்றும் மெலிகிற பூனையும், வழமைக்கு மாறாக அதிகம் தண்ணீர் குடித்து மண்பெட்டியை நனைக்கிற பூனையும் முதலில் மிருக வைத்தியரிடம் போகவேண்டும். நீரிழிவும், வயதான பூனைகளில் தைரொயிட் நோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

நிறுப்பதும் தடவிப் பார்ப்பதும்

பூனையைத் தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழிக்கும் முறை தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அந்தத் தராசு பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் காட்டும். மெலியும் பூனை ஒரு கிழமையில் இழப்பதோ 25 முதல் 50 கிராம். அதனால் அதில் மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது, வீட்டார் மனம் விட்டுவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பயணப்பெட்டி நிறுக்கக் கொண்டுவரும் கொளுவித் தூக்கும் தராசு நல்லது. 10 கிராம் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைத் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். வாய் மூடக்கூடிய துணிப்பையிலோ கூடையிலோ பூனையை வைத்துத் தூக்கி, பையின் நிறையைக் கழியுங்கள். கிழமைக்கு ஒருதரம், ஒரே நாளில், காலைச் சாப்பாட்டுக்கு முன், அதே பையில்.

இலக்கம் மட்டும் போதாது. நம் ஊர் நாட்டுப் பூனைகளில் பெட்டை 3 கிலோவை அண்டியும் கடுவன் 4 கிலோவை அண்டியும் இருப்பது வழமை என்றாலும் எலும்புக்கட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு. விலாவைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையைப் பொத்திப் பிடித்து முட்டிகளைத் தடவினால் தெரியும் கூர்மை விலாவில் தெரிந்தால் பூனை மெலிவு. கையை விரித்து அதன் முதுகுப்புறத்தைத் தடவும்போது உணர்வதுபோல, மெல்லிய தோலுக்கடியில் எலும்பு ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாக இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று, அழுத்தித்தான் எலும்பைத் தேடவேண்டியிருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்க்கையில் இடுப்பு ஒடுங்கவேண்டும். பின்கால்களுக்கு இடையே தொங்கி ஆடும் தோல்மடிப்பைக் கண்டு பயப்படவேண்டாம். அது மெலிந்த பூனைகளிலும் உண்டு. அதை நிரப்பிக்கொண்டு வயிறு திரண்டு நின்றால்தான் கவலை.

மிருக வைத்தியர்கள் உடல்வாகுக்கு 1 முதல் 9 வரை புள்ளி போடுவார்கள். 5 சரியானது. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் மேலதிக நிறை. இடுப்பே தெரியாமல், விலாவும் இலகுவில் கைக்கு அகப்படாத பூனை பெரும்பாலும் 7. அதன் நிறை 5 கிலோ என்றால் 1.25 ஆல் வகுங்கள்: இலக்கு 4 கிலோ.

கலோரியிலிருந்து கிராமுக்கு

கணக்குப் போடுவது எப்போதும் இலக்கு நிறைக்குத்தான். இப்போதுள்ள நிறைக்குப் போட்டால் கொழுப்புக்கும் சேர்த்துத் தீன் போடுவதாகிவிடும். போனில் உள்ள கணிப்பானை எடுங்கள். இலக்கு நிறையை மூன்று தரம் பெருக்குங்கள் (4 × 4 × 4 = 64). வர்க்கமூலத்தை இரண்டு தரம் அழுத்துங்கள் (2.83). 70 ஆல் பெருக்குங்கள். 198 வரும். சும்மா படுத்திருக்கும் 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரி அது. மெலிவதற்கு அதில் 0.8 பங்கு, அதாவது 158. இலக்கு 3 கிலோவானால் 128, 3.5 ஆனால் 143, 4.5 ஆனால் 173. (பைக்கற்றில் கிலோகலோரி என்று இருக்கும், பேச்சில் கலோரி என்பது அதையேதான்.)

இந்த 158 இல் பத்தில் ஒரு பங்கை, 16 கலோரியை, மீன்துண்டுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். தீப்பெட்டியில் பாதியளவு அவித்த மீன், கிட்டத்தட்ட 15 கிராம், அதற்குள் அடங்கும். மீதி 142 பைக்கற் சாப்பாடு.

பைக்கற்றில் கலோரி போடாவிட்டால் பின்புறத்திலுள்ள சதவீதங்களிலிருந்து கணிக்கலாம். புரதம் 30, கொழுப்பு 10, ஈரப்பதன் 10, நார் 4, சாம்பல் (கனிமப் பொருள்களைத்தான் அப்படிப் போடுவார்கள்) 8 என்று வையுங்கள். கூட்டி நூறிலிருந்து கழித்தால் 38, அது மாச்சத்து. சாம்பல் போடாவிட்டால் 8 என்றே எடுக்கலாம். புரதத்தையும் மாச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 105 + 133 + 85 = 323. நூறு கிராமுக்கு 323 கலோரி, கிராமுக்கு 3.23. ஆகவே 142 கலோரிக்கு 44 கிராம்.

இந்த 44 கிராமைத் தராசில் முதன்முதல் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியில் கிடக்கும். பேணியாலோ சிரட்டையாலோ அளக்கவேண்டாம். ஒரே பேணியைக் குலுக்கி நிரப்புவதற்கும் சும்மா அள்ளுவதற்கும் இடையே பல கிராம் போய்விடும், மெலிவதும் மெலியாததும் அந்த வித்தியாசத்துக்குள்தான். 1 கிராம் வரை காட்டும் குசினித் தராசு கட்டாயம் வேண்டும்.

காலையில் 44 கிராமையும் நிறுத்து மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுங்கள். வீட்டில் யார் போட்டாலும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், முடிந்தால் முடிந்ததுதான். நாலு தரமாகப் பிரித்தால் தரத்துக்கு 11 கிராம். இந்த முறைக்கு எதிர்ப்பு வருவது அம்மம்மாவிடமிருந்து. அவவுக்குப் பூனைக்கு ஊட்டுவது ஒரு சந்தோசம், அதைப் பறிக்கவேண்டாம். டப்பாவையே அவவின் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரே நாளில் இந்த அளவுக்கு இறக்கக் கூடாது. முதல் கிழமை எதையும் மாற்றாமல், பூனை உண்மையில் எவ்வளவு தின்கிறது என்று நிறுத்து எழுதுங்கள். பிறகு கிழமைக்குப் பத்து சதவீதமாகக் குறைத்து வாருங்கள். புதிய சாப்பாட்டுக்கு மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில், பழையதில் கால்பங்கு, அரைப்பங்கு என்று கலந்து மாற்றுங்கள்.

மீனும் சோறும்

சோறும் மீனும் தின்று வளர்ந்த பூனையை முழுதாகப் பைக்கற்றுக்கு மாற்றப் பல வீடுகளுக்குக் காசு இடங்கொடாது. அப்படியானால் பாதியையாவது பைக்கற்றில் கொடுங்கள். 4 கிலோ இலக்குக்கு: உலர் சாப்பாடு 22 கிராம், அவித்து முள் எடுத்தபின் நிறுத்த மீன் 65 கிராம், சோறு ஒரு தேக்கரண்டி. மூன்றும் சேர்ந்து 156 கலோரியளவில் நிற்கும். விளைமீன் போன்ற கொழுப்புக் குறைந்த மீன் நல்லது. உப்பு, தூள், வெங்காயம், உள்ளி எதுவும் சேர்க்கக் கூடாது; வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், குழம்பில் கரைந்திருந்தாலும் அதே கேடுதான். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் சாப்பாட்டோடு கொடுங்கள். பூனையின் இருதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டோரின் அதில்தான் இறங்கியிருக்கும்.

சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களைப் பச்சையாக நாளாந்தம் போடவேண்டாம். பச்சை மீனிலுள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1 ஐ அழித்துவிடும். பூனை தலையைக் குனிந்தபடி தள்ளாடத் தொடங்கும், வலிப்பும் வரும். அவித்தால் அந்த நொதியம் செத்துவிடும்.

பாலைக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறந்துபோவார்கள். முழு ஆடைப் பால்மா 10 கிராம் ஏறத்தாழ 50 கலோரி. மேலே சொன்ன பூனைக்கு அது ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றிலொன்று! பல பூனைகளுக்கு வயிற்றாலும் போகும். தண்ணீர் வையுங்கள், இரண்டு மூன்று இடத்தில், அகலமான பாத்திரத்தில்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் மச்சம் காய்ச்சாத வீடுகள் இங்கே எத்தனையோ. அந்த நாட்களில் பூனைக்குப் பால்சோறு மட்டும் என்றாகிவிடுகிறது. மாச்சத்தில் உடம்பு கொழுக்க, புரதமில்லாமல் தசை கரைந்துபோகும். தராசு காட்டும் நிறை மாறாததால் யாருக்கும் தெரியவராது. பூனை இறைச்சியால் வாழும் உயிர், விரதம் அதற்கில்லை. கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பே பைக்கற் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள். குசினிக்குள் அது வரக் கூடாதென்றால் டப்பாவையும் தராசையும் பின் விறாந்தையில் வையுங்கள்.

கத்தலும் களவும்

முதல் இரண்டு கிழமை பூனை கத்தும். விடிய நாலு மணிக்கு வந்து முகத்தில் காலை வைக்கும். எழும்பிப் போட்டீர்களானால் அடுத்த நாள் மூன்றரைக்கு வரும். நாலில் ஒரு பங்கை இரவு படுக்கப்போகும் முன்னர் கொடுங்கள். காலையில் எழுந்தவுடன் போடாமல், முகம் கழுவித் தேத்தண்ணி குடித்தபின் போடுங்கள். பகலில் கத்தினால் முதலில் ஐந்து நிமிடம் விளையாட்டு: ஒரு தென்னோலை ஈர்க்கின் நுனியில் நூலும் கோழியிறகும் கட்டினால் போதும். முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலை அறுக்கும். உலர் சாப்பாட்டை முட்டைத்தட்டின் குழிகளில் பரப்பிவைத்தால் 11 கிராமைத் தின்னப் பத்து நிமிடம் எடுக்கும். எறும்புக்கு, கோப்பையைத் தண்ணீர் ஊற்றிய தட்டத்தில் வையுங்கள்.

இரண்டு பூனை இருந்தால் வேறுவேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மெலிந்ததன் கோப்பையை அலுமாரிக்கு மேல் வைப்பதும் பலன் தரும், கொழுத்தது அங்கே ஏறாத வரைக்கும்.

தராசு சொல்வதும் ஆபத்தும்

5 கிலோப் பூனை கிழமைக்கு 25 முதல் 50 கிராம் குறைந்தால் நல்ல வேகம். ஒரு கிலோ இறங்க ஐந்து முதல் ஒன்பது மாதம் செல்லும். 100 கிராமைத் தாண்டினால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்று கிழமையாக அசையாவிட்டால் முதலில் களவைத் தேடுங்கள்: பக்கத்து வீடு, மற்றப் பூனையின் கோப்பை, மூடாத குப்பைவாளி. ஒன்றுமில்லையென்றால் ஐந்து சதவீதம் குறையுங்கள். இரண்டு தரம் குறைத்தும் இறங்காவிட்டால் மேலும் குறைக்காதீர்கள். அதற்குக் கீழே சாதாரண பைக்கற்றில் புரதமும் விற்றமினும் போதாமல் போகும். நிறை குறைக்கவென்று தயாரித்த சாப்பாடு பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்ற பேச்சைப் பூனை விசயத்தில் அடியோடு விட்டுவிடவேண்டும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படியும். ஈரல் வேலைசெய்ய மறுக்கும். வாயூறல், வாந்தி, முரசிலும் காதின் உட்புறத்திலும் மஞ்சள் கண்டால் காலம் பிந்திவிட்டது. ஆகவே புதுச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போன பூனைக்கு அன்றிரவே பழையதைக் கொடுங்கள். ஒரு நாள் முழுதும் எதுவும் தொடாவிட்டால் அடுத்த நாள் காலை வைத்தியரிடம்.

இலக்கை எட்டியதும் பத்து சதவீதம் கூட்டி இரண்டு கிழமை பாருங்கள். இன்னும் இறங்கினால் மறுபடி பத்து. 4 கிலோப் பூனைக்குப் பெரும்பாலும் நாளைக்கு 200க்கும் 240 கலோரிக்கும் இடையில் எங்காவது நிறை நிலைகொள்ளும். அந்த அளவை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டு, மாதத்துக்கு ஒருதரம் நிறுத்தால் போதும்.