கலகலத்த குதிரையைச் சரிசெய்தது

பழைய செஸ் செட் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்டாண்டன் வடிவம்தான் (இன்றும் போட்டிகளில் பார்க்கிற காய்களின் வடிவம்) வசதி. 1849இல் லண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு பலரும் அதே மாதிரி செய்ததால் பழசு நிறையவே கிடைக்கிறது. என்னுடைய முதல் செட்டும் அப்படி ஒன்றுதான், முத்திரை ஏதும் இல்லாதது. எல்லாக் காயும் இருந்தன. ஆனால் கருங்காலிக் குதிரை ஒன்றை அசைத்தால் உள்ளே கலகலவென்று சத்தம்.

காய் சாயாமல் நிற்க அடியில் ஈயம் வைத்திருப்பார்கள். அதுதான் பிடிப்பு விட்டிருந்தது.

அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியை மெல்லிய கத்தியால் ஓரத்திலிருந்து கிழியாமல் தூக்கினேன். (பழைய துணியை எறிந்துவிடாதீர்கள், காயின் வயதுக்கு அதுவும் சாட்சி.) ஈயமாச்சே என்று கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கில் உருக்கிய தேன்மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஆறியதும் சத்தம் நின்றது. அப்புறம் வஜ்ஜிரப் பசையால் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) துணியை மறுபடி ஒட்டினேன். ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். நாளைக்கே திறக்க வேண்டியிருந்தாலும் கவலையில்லை. சூப்பர் பசையில் அந்த வசதி கிடையாது.

உப்புத்தாள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். பழைய பாலிஷ் போனால் மதிப்பும் போச்சு.