மதுரையில் இனிப்பு: பெட்டி வேண்டாம், நூறு நூறாக வாங்குங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பலரும் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஏசி போட்ட ஒரு பெரிய கடையில் காரை நிறுத்தி, சொந்தக்காரர்களுக்கு என்று நாலு கலவைப் பெட்டி வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற முந்திரி கத்லியும் மைசூர்பாகும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் கிடைக்கும், லண்டன் ஈஸ்ட் ஹாமிலும் கிடைக்கும். மதுரையில் மட்டும் கிடைப்பவை, வேறு ஊரில் கிடைத்தாலும் இங்கே சூட்டோடு தின்றால்தான் ருசிப்பவை என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. அவற்றில் பாதிக்குப் பெட்டியே கிடையாது. இலையிலோ தாளிலோ வைத்துக் கொடுப்பார்கள், கடை வாசலில் நின்றே தின்றுவிட வேண்டும். இந்த வழிகாட்டி முக்கியமாக அவற்றுக்காகத்தான்.

முதலில் வாங்குகிற முறை. எந்தக் கடையிலும் எடுத்த எடுப்பில் கால் கிலோ கேட்காதீர்கள். "அண்ணே, ஒரு நூறு கிராம் போடுங்க" என்றால் போதும், மதுரையில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "இன்னைக்குப் போட்டதாண்ணே?" என்று கேட்பதும் இங்கே மரியாதைக் குறைவு இல்லை, நல்ல கடைக்காரர் "இப்பத்தான் இறக்குச்சு, தொட்டுப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். உதிரியாக விற்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரில் வந்த விதி, தட்டுக்கு முன்னால் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியாக வாங்கினால் அட்டையின் எடையைக் கழித்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும், வெளிநாட்டு அட்டையைத் தள்ளுவண்டிக்காரரிடம் நீட்ட முடியாது.

அப்புறம் மதிப்பெண். நான் பத்துக்குப் போடுகிறேன், ஆனால் கண்ணுக்கு அழகாக இருப்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பார்ப்பதெல்லாம் வாசனை, கொழுப்பு, தின்று முடித்த பிறகு வாயில் என்ன நிற்கிறது என்பதுதான். கொழுப்பைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தின்று முடித்து ஒரு நிமிடம் கழித்து நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். நெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், அதனால் எதுவும் மிஞ்சாது. டால்டா உருக அதைவிடக் கூடுதலாகச் சூடு வேண்டும், அதனால் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும். 'சுத்தமான நெய்யில் செய்தது' என்று பலகையில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி, இந்தச் சோதனையில் தோற்றால் ஐந்துக்கு மேல் போடாதீர்கள்.

இனி அல்வா. மதுரையில் அல்வாவா, அது திருநெல்வேலி ஆயிற்றே என்று கேட்பீர்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பிரேமா விலாஸில் ஒரு முறை நின்று தின்றுவிட்டுப் பேசலாம். சூடான அல்வாவை அள்ளி இலையில் வைத்துத் தருவார்கள். வாங்கியவுடன் விழுங்கிவிடாதீர்கள், கொஞ்சம் பாருங்கள். ஓரத்தில் நெய் கசிந்து இலையின் நரம்பு வழியாக ஓடும், விரலால் அழுத்தினால் அமுங்கிவிட்டு மெதுவாக எழும்பும், நிறம் செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் விடாமல் கிண்டும்போது சர்க்கரை லேசாகக் கருகுவதால் வருகிற நிறம் அது. கிளிப்பச்சை, சிவப்பு என்று கண்ணைப் பறிக்கிற அல்வா பெரும்பாலும் சோளமாவில் செய்தது, அதை ரப்பர்போல மெல்லத்தான் முடியும். நல்ல கோதுமை அல்வா பல்லில் ஒட்டாது, தொண்டையில் தானாக இறங்கும். கூடவே ஐம்பது கிராம் மிக்சரோ காராச்சேவோ வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாய் அல்வா, ஒரு கொறிப்பு காரம், அப்படித்தான் இந்த ஊர்க்காரர்கள் தின்கிறார்கள், அப்படித் தின்றால்தான் இரண்டாவது இலை இறங்கும். சூட்டோடு என்றால் ஒன்பதரை. அதையே ஆறிய பிறகு வீட்டில் பிரித்தால் எட்டு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆறு, நெய் உறைந்து மேலே வெள்ளை பூத்துவிடும், வைக்கவே வைக்காதீர்கள்.

அல்வாவுக்கு அடுத்து நான் சண்டை போட்டாவது உங்களைத் தின்ன வைக்க நினைப்பது பால்பன். பெயரில் பன் இருக்கிறதே தவிர பேக்கரி பன்னுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மைதாவையும் சர்க்கரையையும் தயிரில் பிசைந்து, கொஞ்சம் ஆப்பசோடா சேர்த்து ஊறவைத்து, உருண்டை உருண்டையாக எண்ணெயில் கிள்ளிப் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்துச் சீனிப்பாகில் முக்கி எடுப்பார்கள். டீக்கடைகளில் வடைத் தட்டுக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். காலை பத்து பதினொரு மணிக்கு ஒரு ஈடு, மாலை நாலு மணிக்கு மேல் ஒரு ஈடு, பெரும்பாலான கடைகளில் இதுதான் கணக்கு. ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்துப் பாருங்கள். மேல்தோலில் பாகு காய்ந்து சீனி பூத்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும், உள்ளே சின்னச் சின்னக் கண்களாகப் பஞ்சுபோல விரிந்து ஒவ்வொரு கண்ணிலும் பாகு ஈரமாக நிற்க வேண்டும். நடுவில் வெள்ளையாக மாவு கட்டி நின்றால் தீ அதிகம் என்று அர்த்தம், வெளியே சிவந்து உள்ளே வேகவில்லை. நாக்கின் பின்பக்கம் கசந்தால் சோடா கூடிப்போயிருக்கிறது. இரண்டு குறையும் இல்லாத பால்பன் ஒன்பது, அதுவும் சர்க்கரை கம்மியாகப் போட்ட ஒரு டீயோடு. எந்தக் கடை என்று பெயர் சொல்லச் சொல்வீர்கள், அது தேவையில்லை. மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் சட்டியில் எண்ணெய் கொதிக்கிற நேரத்தில் எந்த டீக்கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். கூட்டம் இருந்தால் சரக்கு தேங்காது, சரக்கு தேங்காவிட்டால் நேற்றையது உங்கள் கைக்கு வராது.

அதே தட்டில் வெட்டு கேக் இருக்கும். கேக் என்று சொன்னாலும் இது எண்ணெயில் பொரித்தது, மேல்பக்கம் வெடித்து வாய் பிளந்திருக்கும். முட்டை வாசனை தூக்கலாக இல்லாமல் ஏலக்காய் முன்னால் வந்தால் எட்டு. டீயில் முக்கித் தின்பதற்கென்றே செய்தது, வெறுமனே தின்றுவிட்டு வறட்சியாக இருக்கிறது என்று குறை சொல்லக்கூடாது.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் நாளே பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுங்கள், அதற்கு மேல் நீங்கள் எதையும் சொல்லிப் பழக்க வேண்டாம். வட்டப் பன்னைக் குறுக்கே கீறி, ஒரு பக்கம் வெண்ணெயும் ஒரு பக்கம் சிவப்பு ஜாமும் தடவித் தருவது, அவ்வளவுதான். பன் அன்றைக்குச் சுட்டதாக இருக்க வேண்டும், வெண்ணெய் கஞ்சத்தனம் இல்லாமல் தடவியிருக்க வேண்டும். ஒன்பது போடுவேன்.

பேக்கரிக்குள் போனால் தேன் கேக்கைக் கேளுங்கள். சதுரமாக வெட்டிய ஸ்பாஞ்சு, சீனிப்பாகிலோ தேன் கலந்த பாகிலோ நனைத்தது, மேலே ஜாம் பூசி உலர்ந்த தேங்காய்த் துருவல் தூவியிருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்தவர்களுக்கு இதுதான் பிறந்தநாள். துருவலை முதலில் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் கேக்கும் பழசு. அடிப்பாகம் வரைக்கும் பாகு இறங்கியிருந்தால் ஏழரை, மேலே மட்டும் இனித்துக் கீழே வறண்டிருந்தால் நாலு. டூட்டி ஃப்ரூட்டியும் தேங்காயும் வைத்து வட்டமாகச் சுட்ட தில்பசந்து கிடைத்தால் அதையும் ஒரு துண்டு வாங்குங்கள், ஏழு. கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கிற பிளாக் ஃபாரஸ்டும் ரெட் வெல்வெட்டும் எனக்கு மூன்றுக்கு மேல் ஏறவில்லை. பெரும்பாலும் தாவரக் கொழுப்பில் அடித்த கிரீம் அது, மேலண்ணச் சோதனையில் உடனே மாட்டும். வீட்டில் சைவம் பார்ப்பவர்கள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: உறை போட்ட கேக்கில் பச்சைப் புள்ளி என்றால் முட்டை இல்லை, முட்டை சேர்ந்தால் இந்தியாவில் அசைவக் குறிதான் வரும். உதிரியாக வாங்குகிற துண்டுக்கு வாயால்தான் கேட்க வேண்டும்.

ஜிகர்தண்டா குடிக்காமல் யாரும் திரும்புவதில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விளக்குத்தூண் பக்கம் போங்கள். பால் வெள்ளையாக இருந்தால் சரியில்லை, சுண்டக் காய்ச்சிய பழுப்பு தெரிய வேண்டும். நன்னாரி வாசனை மூக்கில் ஏற வேண்டும், கடற்பாசி வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எட்டரை. ஆனால் வந்து இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், வயிறு ஊருக்குப் பழகுகிற வரைக்கும் சட்டியிலிருந்து சூடாக எடுத்தவை மட்டும் போதும். அந்த நாட்களில் மாலை நேரத்து வண்டிகளில் பருத்திப்பால் வாங்கிக் கொடுக்கலாம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். சுக்கின் காரம் தொண்டையில் நின்றால் ஒன்பது.

சித்திரைத் திருவிழா நேரத்தில் வருபவர்களுக்குச் சீரணி மிட்டாய். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைத் துணியில் வைத்து எண்ணெயில் சுற்றிப் பிழிந்து பாகில் போட்டு எடுப்பது. ஜிலேபி மாதிரி தெரியும், ஆனால் சாயம் இல்லை, புளிப்பு இல்லை. வெல்லப்பாகில் போட்டது எட்டு, கருப்பட்டிப் பாகில் போட்டது ஒன்பது. கடித்தவுடன் குழாய்க்குள்ளிருந்து பாகு தெறிக்க வேண்டும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர் ஓடுகிற நாளில் மாசி வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள், நடக்கத் தயாராக வாருங்கள்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் திருமங்கலம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போங்கள், மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். ஆண்டாள் கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பால்கோவாக் கடைதான். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதுவும் அதில் சேரக்கூடாது, அதனால் ஏமாற்று எளிதில் பிடிபடும்: ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் மணல் மணலாகக் கரைய வேண்டும், மாவுபோல் பல்லில் அப்பினால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். விறகடுப்பில் கிண்டியதற்கு மெல்லிய புகை வாசனை ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பத்துக்குப் பத்து. இந்தக் கட்டுரையில் வேறு எதற்கும் முழு மதிப்பெண் போடவில்லை.

திருநெல்வேலிச் சாலையில் போகிறவர்கள் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளலாம், 2020இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. உடைத்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. தூத்துக்குடி வரைக்கும் போனால் மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்தான். காற்றுப் பட்டால் நமத்துவிடும், டப்பாவைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கடைசியாக எடுத்துப் போகிற விஷயம். இதில்தான் ஆசைப்பட்டு வாங்கியது குப்பைத் தொட்டிக்குப் போகும். கால்நடைக் கோமாரி நோய் காரணமாகப் பல நாடுகள் இந்தியாவிலிருந்து பால் பொருட்களை உள்ளே விடுவதில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பால்கோவாவுக்கு இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை இங்கேயே தின்று தீர்ப்பதுதான் வழி. ஆஸ்திரேலியா போகிறவர்கள் கடலைமிட்டாய் உட்பட எல்லா உணவையும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். வேறு நாட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு முன்னால் அந்த நாட்டுச் சுங்கத் துறையின் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அல்வா, பஞ்சாமிர்தம் மாதிரிக் குழைவானவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், இறுக மூடிய டப்பாவுக்கு மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை சுற்றி வையுங்கள். எதை வாங்கினாலும் சேர்மானமும் தேதியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சடித்த உறையாகப் பார்த்து வாங்குங்கள், தாளில் மடித்துக் கட்டியதற்கு அதிகாரியிடம் விளக்கம் சொல்லி மாளாது. கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் வாங்கினால் போதும்.