புறக்கணிப்பில் இறங்கும் தம்பிகளுக்கு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் புதிதாக ஒரு இளைஞர் கூட்டம் குளிர்பானப் புறக்கணிப்பு என்று கிளம்பியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எங்கள் காலத்துத் தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். சில்லறைத் தவறுகளை விடுகிறேன்.

கடைக்காரரின் சரக்கைக் கொட்டுவது

இன்னும் எனக்கு ஆறாத எரிச்சல் இதுதான். போன கோடையில் ஒரு பெட்டிக்கடை முன்னால் பாட்டில்களைத் திறந்து சாக்கடையில் ஊற்றி வீடியோ எடுத்தார்கள். "நான் காசு குடுத்து வாங்கினதுங்க தம்பி" என்று கடைக்கார அக்கா சொல்லிக்கொண்டே நின்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

சரக்கு கடைக்கு வரும் முன்பே ஏஜென்சியிடமிருந்து கம்பெனிக்குப் பணம் போயிருக்கும். கொட்டிய பெட்டிக்குப் பதிலாக அக்கா இன்னொரு பெட்டி எடுத்தால் கம்பெனிக்கு இரண்டு பெட்டி விற்பனை. நஷ்டம் அக்காவுக்கு மட்டும். அடி விழ வேண்டியது அடுத்த ஆர்டரில். கடை கடையாகச் சரக்கு கொண்டுவரும் லைன் வண்டி வந்து நிற்கும்போது "இந்த வாரம் வேண்டாம்" என்று அவர் சொல்ல வேண்டும். சாக்கடையில் ஊற்றியவர்களுக்காக அவர் அதைச் சொல்வாரா?

அவர் கடை ஃபிரிட்ஜையும் பாருங்கள். பல கடைகளில் அது கம்பெனி கொடுத்தது. வேறு சரக்கு வைக்கக் கூடாது என்பார்கள், ஆர்டர் நின்றால் தூக்கிக்கொண்டும் போவார்கள். அப்புறம் மோரை எதில் வைப்பார்? முதலில் வசூல் செய்து ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுங்கள். மோர், சர்பத், இளநீர் தினமும் கடைக்கு வர வழி செய்யுங்கள். அதன்பிறகு பேசுங்கள்.

வெயில் ஏறியபின் தொடங்குவது

அதற்குள் ஏஜென்சியின் கிடங்கு நிறைந்துவிடும். 2017-இல் தமிழ்நாட்டு வணிகர்கள் கோக், பெப்சி புறக்கணிப்பை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கினார்கள்.

பிளாச்சிமடையைப் பாதி சொல்வது

நம் பக்கத்துப் பிளாச்சிமடை கிராமத்தில் இருந்த கோகோ கோலா ஆலை 2004 மார்ச்சில் நின்றதற்கு, ஜனங்கள் குடிக்காமல் விட்டது மட்டும் காரணமில்லை. 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கிய மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்களும், 2003-இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பெருமாட்டி ஊராட்சியும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஊராட்சியை விட்டுவிட்டுக் கடைகளை மட்டும் சுற்றாதீர்கள்.

நீளமான பட்டியல்

புறக்கணிக்க ஒரு பொருள் போதும்.

"பணக்காரர்களுக்கு வரி போடு" என்பதையும் அதே நோட்டீஸில் சேர்ப்பது

நியாயமான கோரிக்கை, நானும் கேட்கிறேன். ஆனால் கடையில் ஒரு பொருளை வாங்காமல் இருந்து அதைச் சாதிக்க முடியாது. 1957-இல் வந்த, சேர்த்துவைத்த சொத்தின் மேல் போடும் செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டு, ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ், அதாவது வருமான வரியின் மேல் இன்னொரு வரி, போட்டார்கள். நிலமும் பங்குகளுமாகச் சேர்த்துவைத்து, வருமானத்தைக் குறைவாகக் காட்டுபவரை அது தொடாது. இதை மாற்ற வேண்டியது டெல்லியில். தனி நோட்டீஸ் அடியுங்கள், கையெழுத்து வாங்குங்கள், நம் ஆலத்தூர் தொகுதி எம்.பி.யிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.